கொமியூனிகேஷனா, கையில் இருக்கும் போனா? பல்கலைக்கழக விண்ணப்பத்தை எங்கே போடுவது

தங்கச்சியின் உயர்தரப் பெறுபேறு வந்த வாரம் எங்கள் லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், எல்லோரும் கேட்டது ஒரே கேள்விதான்: “எந்தக் கடையில அப்ளிகேஷன் போடப் போறீங்க?” ஹட்டன் பக்கம் அதுதான் வழக்கம். டவுனுக்குப் போய் கொமியூனிகேஷன் என்கிற இன்டர்நெட், பிரின்ட் கடையில் அடையாள அட்டையைக் கொடுத்தால் மீதியை அவர்களே பார்த்துக்கொள்வார்கள். நாங்கள் அம்மாவின் போனில், வீட்டிலேயே போட்டோம்.

கடையின் வசதியைக் குறை சொல்ல முடியாது. பெரிய திரை, பிரின்டர், ஸ்கேனர், விட்டுவிட்டுப் போகாத சிக்னல் எல்லாம் அங்கே உண்டு. எங்கள் லயத்திலோ மழை பிடித்தால் சிக்னலுக்காக ரோட்டு வளைவு வரை நடக்க வேண்டும். படிவத்தின் ஒரு பக்கத்தை நிரப்பி முடிப்பதற்குள் இரண்டு முறை அறுந்துபோய், முதலிலிருந்து தொடங்கினோம்.

ஆனாலும் போன் பக்கம்தான் நான். முதல் காரணம், யோசிக்கக் கிடைக்கும் நேரம். மாணவர்களைத் தெரிவு செய்யும் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் மாணவர் கைநூல் தமிழிலேயே இருக்கிறது. பாடநெறியும் பல்கலைக்கழகமும் சேர்ந்த ஒவ்வொன்றுக்கும் ஒரு யுனி கோட் உண்டு: மூன்று இலக்கம், ஓர் எழுத்து. அந்தக் கடைசி எழுத்துதான் எந்தப் பல்கலைக்கழகம் என்று சொல்கிறது. எழுத்து மாறினால் பேராதனைக்குப் பதில் வேறெங்கோ கேட்டதாக ஆகிவிடும். முந்தைய வருட வெட்டுப்புள்ளிகளும், அதாவது தெரிவாகத் தேவைப்பட்ட குறைந்தபட்சப் புள்ளிகளும், மாவட்டவாரியாக இணையத்தில் இருக்கின்றன. கலைப் பிரிவு போன்றவை தவிர்ந்த பெரும்பாலான பாடநெறிகளில் 40 வீதம் தீவு முழுவதற்குமான திறமை அடிப்படையிலும், 55 வீதம் மாவட்ட அடிப்படையிலும் எடுக்கிறார்கள். மீதி 5 வீதம் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு. நுவரெலியாவும் பதுளையும் அந்தப் பதினாறில் உண்டு. அதனால் கொழும்புப் பிள்ளையின் புள்ளியைப் பார்த்துப் பயந்து ஆசைப்பட்ட பாடநெறியைக் கீழே தள்ளத் தேவையில்லை, எங்கள் நுவரெலியா மாவட்டத்து வரிசையைப் பார்த்தால் போதும். தங்கச்சி கொப்பியில் எழுதி, அடித்து, திரும்ப எழுதி, மூன்று இரவில் விருப்ப வரிசையை முடித்தாள். பின்னால் பத்துப் பேர் நிற்கும் கடையில் இதைச் செய்ய முடியாது.

இரண்டாவது காரணம்தான் பெரியது: கணக்கு யார் கையில் இருக்கிறது?

பெரியம்மா மகன் ஆசிரியர் பயிற்சிக்கான கல்வியியற் கல்லூரிக்கு விண்ணப்பித்தது டவுனில் ஒரு கடையில். அவனுக்கு ஈமெயில் இல்லையென்று கடைக்காரர் தன் ஈமெயிலையே போட்டுவிட்டார். நேர்முகத் தேர்வுக்கான செய்தி அந்த ஈமெயிலுக்குப் போனது. தினம் நூறு செய்தி வரும் பெட்டியில் அதை யார் தேடுவது? கடிதமும் வந்தது. ஆனால் எங்களுக்குத் தபால் நேராக வீட்டுக்கு வருவதில்லை. தோட்டத்து ஒபிசுக்கு வந்து, அங்கிருந்து யாராவது கொண்டுவந்தால்தான் உண்டு. அவன் கையில் கடிதம் கிடைத்தபோது தேதி முடிந்து நான்கு நாள். பெரியம்மா அந்தக் கடிதத்தை இன்னும் பெட்டியில் வைத்திருக்கிறார்.

வீட்டு இலக்கம் இல்லாத லயத்துக்காரருக்கு ஈமெயிலும் போன் நம்பரும்தான் விலாசம். அதை இன்னொருவர் பெயரில் எழுதிக் கொடுக்கவே கூடாது. விண்ணப்பம் போட்டதோடு வேலை முடிவதுமில்லை. தெரிவு முடிவு, பதிவு, விடுதி, மஹாபொல உதவித்தொகை என்று மாதக்கணக்கில் அறிவித்தல்கள் வந்துகொண்டே இருக்கும். ஒவ்வொன்றுக்கும் ஒரு கடைசித் தேதி. ஒவ்வொரு தடவையும் கடவுச்சொல்லுக்காகக் கடைக்கு ஓட முடியுமா?

காசு விஷயம் சுருக்கம். அரச பல்கலைக்கழகத்தில் பட்டப்படிப்புக்குக் கட்டணம் இல்லை; சாப்பாடு, தங்குமிடம், பஸ் காசுதான் பாரம். 1981இல் தொடங்கிய மஹாபொல உதவித்தொகை மாதம் 5000 ரூபாயாக இருந்தது, 2025 வரவு செலவுத் திட்டத்தில் 7500 ஆனது. இதற்கெல்லாம் வருமானத்தைக் காட்டவேண்டி வரும் என்பதால் அப்பாவின் சம்பளத் துண்டுகளைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்தோம். தனியார் பட்டப்படிப்புக்கு அரசின் வட்டியில்லாக் கடன் திட்டம் இருக்கிறது. எங்கள் வீட்டில் யாரும் அந்த வழியில் போகவில்லை, அதனால் அதில் எது நல்லது என்று சொல்ல எனக்கு அனுபவம் போதாது.

கடையையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நிரப்பி முடித்த பிறகு பிரின்ட் எடுக்க நாங்களும் அங்கேதான் போனோம். ஸ்கேன் எடுக்க, கார்ட் இல்லாதவர்கள் காசு கட்டும் வழி கேட்க, அவர்கள் நல்ல உதவி. போனில் தடுமாறினால் பாடசாலையில் கணினி ஆசிரியரிடமோ, லீவில் வந்திருக்கும் பல்கலைக்கழக அக்கா அண்ணாக்களிடமோ உட்கார்ந்து கேட்கலாம். அப்போதும் ஈமெயில் பிள்ளையுடையதாக இருக்கட்டும்.

ஏற்கெனவே கடையில் போட்டுவிட்டவர்கள் நாளைக்கே போய் எந்த ஈமெயில், எந்த நம்பர் கொடுத்தார்கள் என்று கேளுங்கள். கடவுச்சொல்லை வாங்கி உடனே மாற்றி, ஒரு கொப்பியில் எழுதி, அடையாள அட்டை இருக்கும் இடத்திலேயே வையுங்கள்.