ஆரஞ்சு சுவர் அடிக்கப் போகிறீர்களா? பெயிண்ட் டப்பாவின் மூடியைப் பாருங்கள்

பொங்கலுக்கு வீட்டுக்கு பெயிண்ட் அடிக்க ஆள் பேசிக்கொண்டிருக்கும் சென்னைவாசிகள், இதைப் படித்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள். ஆரஞ்சு மாதிரி அடர்ந்த கலர் என்றால் கட்டாயம் படியுங்கள்.

மடிப்பாக்கத்தில் எங்கள் வீடு. ஹாலில் டிவி இருக்கும் சுவர் மட்டும் பளிச்சென்று ஆரஞ்சு, மற்ற சுவர்கள் வெள்ளை என்று முடிவு செய்து, மெட்டீரியலோடு சேர்த்து ஒரு கான்ட்ராக்டரிடம் வேலையை விட்டோம். ஷேட் நம்பரையும் எழுதிக் கொடுத்தோம். பட்டி பார்த்தது, உப்புத்தாள் போட்டுத் தேய்த்தது, பிரைமர் அடித்தது எதிலும் குறையில்லை. பெரிய கம்பெனி பெயர் போட்ட பக்கெட்தான் வந்தது.

போன மாட்டுப் பொங்கலன்று அக்கா பையன் அந்தச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டு எழுந்தான். வெள்ளைச் சட்டையின் முதுகெல்லாம் ஆரஞ்சுப் பொடி. ஈரத்துணியால் லேசாகத் துடைத்தாலே கலர் துணிக்கு வந்துவிட்டது, அடியிலிருந்த பிரைமர் திட்டுத்திட்டாகத் தெரிந்தது. மொட்டைமாடியில் விட்டுப்போன பக்கெட்டைப் போய்ப் பார்த்தேன். உள்விளிம்பில் காய்ந்து ஒட்டியிருந்தது வெள்ளை பெயிண்ட். பக்கத்தில் காலி ஸ்டெய்னர் (பெயிண்டில் கலக்கும் சாயம்) பாட்டில்கள் கிடந்தன.

வெள்ளை பெயிண்டில் டைட்டானியம் டை ஆக்சைடு என்ற வெள்ளைப் பொடி நிறைய இருக்கும். அதில் எவ்வளவு ஆரஞ்சைக் கொட்டினாலும் வெளிறத்தான் செய்யும். அதனால்தான் அடர்ந்த கலருக்கு அந்த வெள்ளைப் பொடி குறைவாக உள்ள தனி பேஸ், அதாவது கலர் சேர்ப்பதற்கான அடிப்படை பெயிண்ட், வைத்திருக்கிறார்கள். கடையில் மெஷினில் கலர் சேர்த்து, ஷேட் நம்பரும் பேஸும் அச்சிட்ட ஸ்டிக்கரை மூடியில் ஒட்டித் தருவார்கள். ஆனால் அந்த பேஸ் அடியிலிருப்பதைச் சீக்கிரம் மறைக்காது, கூடுதல் கோட் அடிக்க வேண்டும். அந்தச் செலவையும் கூலியையும் மிச்சம் பிடிக்க எங்கள் கான்ட்ராக்டர் வெள்ளையில் ஸ்டெய்னரை அளவில்லாமல் ஊற்றிக் கலக்கியிருக்கிறார். அவ்வளவு சாயத்தைப் பிடித்து வைக்க பெயிண்டில் பசை போதாது, பொடியாக உதிர்கிறது.

போன் செய்தால், "கடல் காத்து சார், சென்னையில எல்லா வீட்டுலயும் இப்படித்தான்" என்கிறார். அதே காற்றில்தான் மற்ற சுவர்களும் இருக்கின்றன. அவற்றில் கை வைத்தால் ஒன்றும் ஒட்டுவதில்லை.

சுவரைக்கூட விடுங்கள். ஜன்னல் கம்பிக்கு அடித்த ஆரஞ்சு எனாமல்தான் என் வயிற்றைக் கலக்குகிறது. மஞ்சள், ஆரஞ்சு எனாமல்களில் ஈயம் என்ற நச்சு உலோகம் கலந்த நிறமிகள் வெகுகாலம் புழக்கத்தில் இருந்தவை. 2017 நவம்பர் முதல் வீட்டு பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்குக்கு) மேல் இருக்கக் கூடாது, அதை டப்பாவிலும் அச்சிட வேண்டும் என்பது சட்டம். எங்களுக்கு வந்த டின்னில் கம்பெனி பெயரே இல்லை. அந்தக் கம்பியைப் பிடித்து நின்று வாய் வைக்கும் குழந்தை வீட்டில் இருக்கிறது. இப்படி அடித்துவிட்டுப் போயிருந்தால் உப்புத்தாள் போட்டுச் சுரண்டாதீர்கள், தூசி வீடெல்லாம் பரவும்.

பில் கேட்டால் இன்று, நாளை என்று இழுக்கிறார். நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் கொடுத்திருக்கிறேன்.

நீங்கள் பெயிண்டை உங்கள் பெயரில் பில் போட்டு நேரே கடையிலிருந்து வாங்குங்கள். சீல் உங்கள் கண் முன்னால் உடையட்டும். ஸ்டிக்கரை போட்டோ எடுங்கள். கடைசித் தவணைக்கு முன், நன்றாகக் காய்ந்த சுவரை ஈரமான வெள்ளைத் துணியால் மேஸ்திரி எதிரிலேயே துடைத்துப் பாருங்கள்.