கண்ணாடி நீங்கிய கேமரா: டிஎஸ்எல்ஆரிலிருந்து மாறலாமா?

டிஎஸ்எல்ஆர் கேமராவில் லென்ஸ் வழியே நுழையும் ஒளி, சாய்வாக நிற்கும் ஒரு கண்ணாடியில் பட்டு, மேலேயுள்ள பட்டகத்தின் வழியாக நம் கண்ணை வந்தடைகிறது. பொத்தானை அழுத்தும்போதுதான் அந்தக் கண்ணாடி எழும்பி, ஒளியைப் படம் பதியும் சென்சாருக்கு விடுகிறது. மிரர்லெஸ் கேமராவில் இக்கண்ணாடி கிடையாது. சென்சார் காண்பதையே, கண் வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டருக்குள் இருக்கும் சிறு திரையில் நாமும் காண்கிறோம். நான் இரண்டு வகையையும் பல ஆண்டுகள் பயன்படுத்தியிருக்கிறேன். சென்சாரின் அளவும் தலைமுறையும் ஒன்றாக இருந்தால், எடுத்து முடித்த படத்தைப் பார்த்து அது எந்த வகைக் கேமராவில் எடுக்கப்பட்டது என்று என்னால் ஒருபோதும் சொல்ல முடிந்ததில்லை. படம் எடுக்கும் அந்த நொடியில்தான் எல்லா வேறுபாடும் இருக்கிறது.

எனக்கு அது முதலில் புலப்பட்டது ஃபோகஸில். டிஎஸ்எல்ஆரில் ஃபோகஸை அளப்பதற்கென்று கேமராவின் அடிப்பகுதியில் தனி உணரி இருப்பதால், அதற்குச் செல்லும் ஒளிப்பாதையும் சென்சாருக்குச் செல்லும் பாதையும் இம்மியளவு பிசகினாலும் கூர்மை முன்னோ பின்னோ நகர்ந்துவிடும். 85 மி.மீ. லென்ஸின் ஒளித் துளையை எஃப்/1.8இல் முழுதாகத் திறந்து முகங்களை எடுத்த காலத்தில், கண்ணுக்கு வைத்த ஃபோகஸ் காது மடலில் போய் விழுந்த படங்கள் என்னிடம் ஏராளமாக உண்டு. ஒவ்வொரு லென்ஸுக்கும் தனித்தனியே திருத்தம் செய்துதான் சமாளித்தேன். மிரர்லெஸ்ஸில் படம் பதியும் சென்சாரே ஃபோகஸையும் அளப்பதால் அந்தப் பிசகுக்கு இடமே இல்லை. கண்ணைத் தானே கண்டறிந்து, முகம் சட்டகத்தின் ஓரத்துக்கு நகர்ந்தாலும் விடாமல் பின்தொடரும் வசதியும் சேர்ந்துகொள்ள, ஓடியாடும் குழந்தைகளைப் படமெடுப்பது எனக்கு முற்றிலும் வேறொரு வேலையாகிவிட்டது. எக்ஸ்போஷர், அதாவது படத்தின் வெளிச்ச அளவு, மாறுவதைப் படம் எடுக்கும் முன்பே கண்ணால் பார்க்க முடிவது, புதிதாகக் கற்பவருக்கு மிகப் பெரிய உதவி.

ஆனால் அந்தச் சிறு திரைக்கும் ஓயாமல் இயங்கும் சென்சாருக்கும் மின்சாரம் வேண்டும். ஏறத்தாழ 45 மெகாபிக்சல் கொண்ட இரு நிக்கான் கேமராக்களை ஒப்பிடலாம். டிஎஸ்எல்ஆரான டி850இன் பேட்டரி தரப்படுத்தப்பட்ட சோதனைக் கணக்கில் 1840 படங்களுக்கு வரும். மிரர்லெஸ்ஸான இசட்7இன் பேட்டரி 330 படங்களுக்குத்தான். நடைமுறையில் இதைவிடக் கூடுதலாகவே கிடைக்கிறது என்றாலும், மாற்றுப் பேட்டரி இல்லாமல் நான் வெளியே கிளம்புவதில்லை. எடையில் டி850 1005 கிராம், இசட்7 675 கிராம். தொலைவில் உள்ளதை நெருக்கிக் காட்டும் பெரிய டெலி லென்ஸைப் பொருத்திவிட்டால் இந்தச் சலுகை பெரிதாகத் தெரியாது.

மிரர்லெஸ்ஸில் சென்சாரே மின்னணு முறையில் படம்பிடிக்கும் ஓசையற்ற ஷட்டரை மட்டும் எச்சரிக்கையுடன் பயன்படுத்த வேண்டும். பெரும்பாலான சென்சார்கள் படத்தை வரிவரியாகப் படிப்பதால், வேகமாக நகரும் பொருள் வளைந்து பதியும். எல்இடி விளக்கொளியில் பட்டை பட்டையாகக் கோடுகளும் விழும்.

லென்ஸ் விஷயத்தில் மாறுவோருக்கு ஒரு நல்ல செய்தி உண்டு. லென்ஸ் பொருந்தும் வளையத்துக்கும் சென்சாருக்கும் இடையிலான தொலைவு நிக்கான் டிஎஸ்எல்ஆரில் 46.5 மி.மீ., இசட் வரிசையிலோ வெறும் 16 மி.மீ. என்பதால், இடையில் ஓர் அடாப்டரை வைத்துப் பழைய லென்ஸ்களைத் தொடர்ந்து பயன்படுத்தலாம். தமக்குள் ஃபோகஸ் மோட்டார் இல்லாத பழைய லென்ஸ்கள் அந்நிறுவனத்தின் எஃப்டிஇசட் அடாப்டரில் தானியங்கி ஃபோகஸை இழந்துவிடும் என்பதை மட்டும் வாங்கும் முன் நினைவில் கொள்ளுங்கள்.

இன்று புதிதாகத் தொடங்குபவர் தயங்காமல் மிரர்லெஸ்ஸையே வாங்கலாம். கேனானும் நிக்கானும் தங்கள் கடைசி உயர்நிலை டிஎஸ்எல்ஆர்களை 2020இல் வெளியிட்டன. புதிய லென்ஸ்கள் பெரும்பாலும் மிரர்லெஸ்ஸுக்கே வருகின்றன. கைவசம் நல்ல லென்ஸ்களும் பழுதில்லாத டிஎஸ்எல்ஆரும் உள்ளவருக்கு அவசரம் எதுவுமில்லை. நானும் பழைய கேமராவை விற்கவில்லை. பறவை வரும்வரை மணிக்கணக்கில் வியூஃபைண்டரில் கண் வைத்துக் காத்திருந்தாலும் பேட்டரி தீராது என்பதால், நீர்நிலைகளுக்குச் செல்லும் நாள்களில் இன்றும் அதையே எடுத்துச் செல்கிறேன்.