காலி டிரெய்லரைத் தூக்கிக் காட்டினால் நம்பிவிடாதீர்கள்

கடலூர், புதுச்சேரி பக்கம் மினி டிராக்டர் வைத்திருப்பவர்கள் இதைப் படித்துவிட்டுப் பட்டறைக்குப் போங்கள்.

நெல்லிக்குப்பம் அருகே எனக்கு நாலு ஏக்கர். 18 எச்.பி. டிராக்டர் ஒன்று, சின்ன டிரெய்லர் ஒன்று. எரு இறக்க ஆள் கிடைப்பதில்லை. டிரெய்லரை டிப்பராக மாற்றலாம் என்று போன தை மாதம் வில்லியனூர்ப் பக்கம் ஒரு பட்டறைக்குப் போனேன்.

"புது பம்ப்பெல்லாம் எதுக்குண்ணே? காயலான் கடையில வர்ற கார் பவர் ஸ்டீயரிங் பம்ப் போதும். பெல்ட் போட்டு ஓட்டிடலாம். 150 பார் அடிக்கும்" என்றார் பட்டறைக்காரர். பார் என்பது அழுத்தத்தின் அளவு; பம்ப் அழுத்தித் தள்ளும் எண்ணெயால்தான் சிலிண்டர் தொட்டியைத் தூக்கும். பம்ப், 50 மி.மீ. சிலிண்டர், வால்வு, ஹோஸ் எல்லாம் சேர்த்து 22,000 ரூபாய். பில் கேட்டதற்கு, "நமக்குள்ள என்னண்ணே பில்லு" என்றார். நானும் தலையாட்டிவிட்டு வந்தேன். அந்த மடத்தனம் என்னுடையது.

வண்டி எடுத்த அன்று காலித் தொட்டி சல்லென்று எழுந்தது. மச்சான் வீடியோகூட எடுத்தான். மறுநாள் ஒரு டன் எரு ஏற்றி லீவரை இழுத்தால் பெல்ட் கிறீச்சிட்டதே தவிர தொட்டி அசையவில்லை.

திரும்பக் கொண்டுபோனேன். பம்ப்பின் மூடியைக் கழற்றி, உள்ளே ஸ்பிரிங்குக்குப் பின்னால் இரண்டு வாசர் போட்டு மூடினார். "இப்ப பாருங்க" என்றார். தூக்கியது, உண்மைதான். மூன்றாவது நடையில் தொட்டி பாதி உயரத்தில் இருக்கும்போது ஹோஸ் முனை பிய்த்துக்கொண்டது. எண்ணெய் பீய்ச்சியடிக்க, தொட்டி தடாலென்று இறங்கியது. அண்ணன் மகன் கிரீஸ் வைக்க அதன் அடியில் குனிந்துவிட்டு அப்போதுதான் வெளியே வந்திருந்தான். அன்று ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை.

பண்ருட்டியில் ஒரு மெக்கானிக் எல்லாவற்றையும் பிரித்துப் பார்த்தார். அந்த ஸ்பிரிங்தான் ரிலீஃப் வால்வாம், அளவுக்கு மேல் அழுத்தம் ஏறினால் எண்ணெயைத் திருப்பிவிடுவது. வாசர் போட்டதால் அது திறக்கவே தாமதமானது. வாசரை எடுத்துவிட்டு பிரஷர் கேஜ் மாட்டினார்: 80 பார். 50 மி.மீ. சிலிண்டரில் 150 பார் என்றால் மூன்று டன் தள்ளும், 80 என்றால் 1,600 கிலோதான். அதுவும் தொட்டி படுத்திருக்கும்போது சிலிண்டரும் சாய்ந்தே கிடப்பதால், மேல்நோக்கிக் கிடைப்பது அதில் ஒரு பங்கே. எரு எப்படி எழும்?

கார் பம்ப்பே மோசம் என்று நான் சொல்லவில்லை. காரில் ஸ்டீயரிங்கைக் கடைசிவரை ஒடித்துப் பிடிக்கும்போதுதான் அதற்கு முழு அழுத்தம் வரும், அதுவும் சில நொடி. அதற்கேற்ற வேலை கொடுத்தால் உழைக்கும். இல்லாத 150ஐச் சொல்லி விற்றதும், அது தூக்காதபோது பாதுகாப்பையே அடைத்ததும்தான் அயோக்கியத்தனம்.

பண்ருட்டி மெக்கானிக் இன்னொன்றும் கண்டுபிடித்தார். வால்வு லீவர் இரண்டாம் நாளே இறுகத் தொடங்கியிருந்தது. உள்ளே இருந்தவை பிரேக் சிலிண்டர் ரப்பர்கள். பிரேக் ஆயிலுக்கென்று செய்த ரப்பர் ஹைட்ராலிக் ஆயிலில் ஊதிப்போகும். இதுகூடத் தெரியாதவரா, தெரிந்தே போட்டாரா? ஹோஸோ பழைய காருடையது, வெட்டி வேறு முனை இறுக்கியது.

பட்டறைக்காரரிடம் கேட்டால், "ஓவர் லோடு ஏத்தினா நான் என்ன பண்றதுண்ணே, புது ஹோஸுக்கு நாலாயிரம் குடுங்க" என்றார். இப்போது போனே எடுப்பதில்லை. பில் இல்லாததால் புகார் கொடுக்கவும் கையில் ஒன்றும் இல்லை.

நீங்கள் செய்யச் சொன்னால், உங்கள் சுமையை ஏற்றி, கேஜ் மாட்டி, கண்ணெதிரே தூக்கிக் காட்டச் சொல்லுங்கள். அதற்கு முன் பணம் முழுதாகக் கொடுக்காதீர்கள். எண்ணெய் கசிந்தால் கையால் தடவிப் பார்க்காதீர்கள், அட்டையை நீட்டிப் பாருங்கள். ஊசி முனை ஓட்டையிலிருந்து வரும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும்.

பண்ருட்டிக்காரர் புது கியர் பம்ப்பும் 63 மி.மீ. சிலிண்டரும் போட்டார். அதற்கும் முன்னால், தொட்டிக்கு முட்டுக் கொடுக்க ஒரு இரும்புத் தாங்கி அடித்துக் கொடுத்தார். தொட்டி எழுந்ததும் அண்ணன் மகன் ஓடிப்போய் முதலில் அதை நிறுத்துகிறான். நான் சொல்ல வேண்டியதே இல்லை.