இரட்டை வாய்க் களிமண் அடுப்பு: ஆறு மாதப் பாவனைக்குப் பின்

எங்கள் அயலில் காஸ் இல்லாத வீட்டைக் காண்பது அரிது. வீட்டுக் கோடியில் விறகடுப்பு இல்லாத வீட்டைக் காண்பது அதைவிட அரிது. 2021 ஒக்டோபருக்கு முன் கொழும்பில் 1,493 ரூபாய்க்கு விற்கப்பட்ட 12.5 கிலோ சிலிண்டர் 2022 ஏப்ரலில் 4,860 ரூபாயானதையும், அந்த விலைக்கும் கிடைக்காமல் வெற்றுச் சிலிண்டர்களை வரிசையில் வைத்துவிட்டுச் சனம் காத்துக் கிடந்ததையும் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அன்று மூன்று கல்லை வைத்துத் தீ மூட்டிய நாங்கள், காஸ் மீண்டும் தாராளமாகக் கிடைக்கத் தொடங்கிய பின்னரும், குத்தரிசிச் சோறு போன்ற நெடுநேர வேலைகளை விறகிலேயே செய்துவருகிறோம். அதற்காகவே ஆறு மாதங்களுக்கு முன் ‘அனகி’ வகையைச் சேர்ந்த களிமண் அடுப்பொன்றைச் சந்தையில் வாங்கினோம்.

ஒரே துண்டாக வனைந்து சுடப்பட்ட இந்த அடுப்பில் விறகு வைக்க ஒரு வாசலும், பானை வைக்க இரண்டு வாய்களும் உள்ளன. முதல் வாயின் கீழ் எரியும் தீயின் சூடு வெளியே சிதறாமல் உள்வழியாகச் சென்று இரண்டாவது பானையையும் தொடுவதால், மூன்று கல்லில் வீணாகிய வெப்பத்தில் ஒரு பகுதி இங்கே கறியாக மாறுகிறது. இரண்டாவது வாயில் வேகம் குறைவு என்று குறை சொல்பவர்கள் அதில் சொதி வைத்துப் பார்க்க வேண்டும். தேங்காய்ப்பால் விட்ட பின் சொதி கொதித்துத் திரையக் கூடாது. சோறு வேகும் நேரம் முழுவதும் அருகில் நின்று துழாவத் தேவையில்லாத இளஞ்சூட்டை அந்த வாய் தருகிறது. காஸ் அடுப்பில்கூட எனக்கு அந்தப் பக்குவம் இவ்வளவு எளிதாக வாய்த்ததில்லை.

விறகு வாசல் சிறியது. பனைமட்டையை முழுதாகச் செருக முடியாது. நீளவாக்கில் பிளந்து, நன்றாகக் காய வைத்த பின்னரே உபயோகிக்கலாம். அதைச் செய்தால் முன்பு இரண்டு நாளுக்கு வந்த கட்டு இப்போது மூன்று நாளுக்கு வருகிறது. கூழ்ப்பானை போன்ற அகன்ற பாத்திரம் மட்டும் இதில் ஆடுகிறது. அதற்கு இன்றும் கல்தான்.

புகையைப் பற்றி உண்மையைச் சொல்ல வேண்டும். கண் எரிச்சல் குறைந்திருக்கிறது, ஆனால் புகை நிற்கவில்லை. புகைபோக்கி இல்லாத அடுப்பு அது. ஈரமட்டை ஒன்று நுழைந்தால் அடுப்படி முழுவதும் பழைய காலத்துக்குத் திரும்பிவிடுகிறது. வீட்டுப் புகையால் 2020இல் மட்டும் உலகில் 32 இலட்சம் பேர் இறந்ததாக மதிப்பிடும் உலக சுகாதார நிறுவனம், மின்சாரம், காஸ், உயிர்வாயு, சூரிய வெப்பம் போன்றவற்றையே தூய எரிபொருள்களாகக் கொள்கிறது. மண்ணெண்ணெயையும் தவிர்க்கச் சொல்கிறது. இந்த அடுப்பு அந்தப் பட்டியலில் இடம்பெறாது. விறகைச் சேமிக்க இதை வாங்கலாம். தூய சமையல் என்று எண்ணி வாங்கக் கூடாது. கைக்குழந்தையோ இழுப்பு (ஆஸ்துமா) நோயாளியோ உள்ள வீட்டில், காஸை நிறுத்திவிட்டு இதற்கு மாறுவதை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன். எங்கள் வீட்டில் பேரன் வந்து நிற்கும் நாட்களில் அடுப்பு மூட்டப்படுவதில்லை.

மூன்றாவது வாரத்திலேயே வாசலின் மேல்விளிம்பில் மயிரிழை போல ஒரு வெடிப்பு விழுந்தது. புற்றுமண்ணும் சாணமும் குழைத்து வெளிப்புறம் முழுவதும் தடித்துப் பூசிய பின் அது பெருகவில்லை. வாங்கிய அன்றே பூசியிருக்க வேண்டும் என்பதை விற்றவர் சொல்லவில்லை. வாங்கும்போது அடுப்பை விரல் மடக்கித் தட்டிப் பாருங்கள். நன்றாக வெந்த மண் கணீரென்று ஒலிக்கும். எங்களுடையது மந்தமாகத்தான் ஒலித்தது, சந்தை இரைச்சலில் அதை நான் பொருட்படுத்தவில்லை.