பெட்டியைத் திருப்பிக் கொண்டுபோவது யார்?

இலங்கை மலையகத்தில், ஹட்டன் பக்கம் இருந்துகொண்டு விலை கூடிய ஹெட்போன் ஒன்று வாங்க வேண்டுமென்றால் மூன்று வழி இருக்கிறது. கொழும்புக்கு இறங்கிப்போய் கடையில் வாங்கலாம். டராஸ் மாதிரி இணையச் சந்தையில் எடுக்கலாம். வெளிநாட்டிலிருந்து வரும் சொந்தக்காரரிடம் சொல்லிவிடலாம். எதில் விலை குறைவு என்றுதான் எல்லாரும் முதலில் கேட்கிறார்கள். நான் வேறொன்றைக் கேட்கச் சொல்வேன்: பிடிக்காமல் போனால் அந்தப் பெட்டியை யார், எத்தனை நாளுக்குள், யாருடைய செலவில் திருப்பிக் கொண்டுபோவது?

வேறு பொருளுக்கு இந்தக் கேள்வி இவ்வளவு முக்கியமில்லை. ஹெட்போன் அப்படியல்ல. நான் தேயிலைத் தோட்டங்களில் காமன் கூத்தையும் வயதான அம்மாக்களின் பாட்டுகளையும் பதிவு செய்து வைக்கிறவன். தப்பு மேளத்தில் குச்சி விழும் சத்தமும் அதன் பின்னால் தோல் அதிர்கிற சத்தமும் தனித்தனியாகக் கேட்கவேண்டும். அதற்காக சென்ஹைசர் எச்டி 600 மேல் பல வருடம் ஆசைப்பட்டேன். 1997இல் வந்த மாடல், இன்றைக்கும் அதை அளவுகோலாக வைத்துத்தான் பலர் மற்றதைப் பேசுகிறார்கள். ஆனால் அதன் மின்தடை 300 ஓம். போனில் நேராகச் செருகினால் பாட்டு கேட்கும், உயிர் இருக்காது. தனியாக ஒரு ஆம்ப்ளிஃபயர் வேண்டும். புதிதில் தலையை இறுக்கிப் பிடிக்கும், கண்ணாடி போடுகிறவர்களுக்கு காதுக்குப் பின்னால் வலிக்கும். எல்லாவற்றையும் விட, அது திறந்த வகை. நாம் கேட்பது வெளியே கசியும், வெளிச் சத்தம் உள்ளே வரும். லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீட்டில், பக்கத்துக் காம்பராவில் குழந்தை தூங்குகிறது, தகரத்தில் மழை கொட்டுகிறது என்றால் திறந்த வகையை வைத்துக்கொண்டு என்ன செய்வது? எங்களைப் போன்றவர்களுக்கு மூடிய வகையான பேயர்டைனமிக் டிடி 770 ப்ரோ, அதிலும் 80 ஓம் மாடல், பொருத்தமாக அமையலாம். எது யாருக்குச் சரி என்பது வீட்டில் இரண்டு மூன்று இரவு போட்டுப் பார்த்தால்தான் தெரியும். அதனால்தான் திருப்பிக் கொடுக்கும் வசதியை நான் பொருளின் ஒரு பாகமாகவே எண்ணுகிறேன்.

முதலில் கொழும்பு. பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் கணினிக் கடைகள் வரிசையாக இருக்கின்றன. புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவிலும் மின்சாமான் கடைகளுக்குக் குறைவில்லை, ஆனால் விலை கூடிய பிராண்டுகளை நான் அங்கே தேடமாட்டேன், போலி கலந்துவிடும். கடையில் நமக்குப் பெரிய லாபம், கேட்டுப் பார்த்து வாங்கலாம். சொந்தப் போனையும் நன்றாகப் பழகிய பதிவையும் கொண்டுபோங்கள். கடைக்காரர் போடும் பாட்டில் எல்லா ஹெட்போனும் நன்றாகத்தான் இருக்கும். வெட்கப்படாமல் 20 நிமிடம் போட்டுக்கொண்டு உட்காருங்கள்.

பலவீனம் திருப்பிக் கொடுப்பதில். பழுதென்றால் மாற்றித் தருவார்கள், பிடிக்கவில்லை என்றால் பெரும்பாலும் தரமாட்டார்கள். போக வர ஒரு நாள் முழுசாகப் போய்விடும். தோட்டத்தில் வேலை செய்கிறவருக்கு ஒரு பேர், அதாவது ஒரு நாள் சம்பளம், போச்சு. எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். ஒரு கடையில் 7 நாளுக்குள் மாற்றலாம் என்று வாயால் சொன்னார்கள். நாலாம் நாள் வலது பக்கம் இரைச்சல் வந்தது. ஆறாம் நாள் கோச்சி (ரயில்) ஏறிப் போனேன். அவர்கள் ஹெட்போனைத் தொடவேயில்லை, பெட்டியைப் பார்த்தார்கள். "பெட்டி நமுத்துப் போயிருக்கு, எடுக்க முடியாது" என்றார்கள். அது ஜூலை மாதம். ஜூலையில் எங்கள் வீட்டில் தலையணையே நமுத்துப்போகும், அட்டைப்பெட்டி எந்த மூலை? பழுதான பொருளுக்கு நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையிடம் முறையிடலாம், 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் போதும். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி அமைந்தது அந்தச் சபை. அன்றைக்கு நான் அழைக்கவில்லை, அழைத்திருக்க வேண்டும். இப்போது நாள் கணக்கையும் நிபந்தனையையும் பில்லிலேயே எழுதி வாங்குகிறேன். பெட்டி வீட்டுக்கு வந்ததும் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு, பொலித்தீன் பையில் இறுக்கக் கட்டி அலுமாரியின் மேல்தட்டில் வைக்கிறேன். மஸ்கெலியா, நோர்வூட், பொகவந்தலாவ பக்கத்தில் இருக்கிறவர்கள் இதைத் தவறாமல் செய்யுங்கள்.

இணையச் சந்தை பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. திருப்பும் நாட்கள் பொருளின் பக்கத்திலேயே போட்டிருக்கும், கீழே சிறிய எழுத்தில் மனம் மாறினால் திருப்ப முடியுமா முடியாதா என்றும் இருக்கும். அந்த ஒரு வரியைப் பார்க்காமல் காசு கட்டாதீர்கள். கூரியர் தோட்டம் வரைக்கும் ஏறாது, டவுனுக்கு வரச்சொல்லிப் போன் வரும். பெட்டியைத் திறப்பதை ஆரம்பம் முதல் வீடியோ எடுங்கள். ஏற்கனவே கேட்டுப் பார்த்து முடிவு செய்த மாடல் என்றால் இந்த வழி சரி. கேட்டேயிராத ஒன்றை இதில் எடுப்பதற்கு நான் துணியமாட்டேன்.

மூன்றாவது வழியில்தான் உண்மையான தாராளம் இருக்கிறது. அமேசானில் பெரும்பாலான பொருட்களை 30 நாளுக்குள் திருப்பலாம். ஜெர்மனியின் தோமான் கடையிலும் 30 நாள், அதோடு 3 வருட உத்தரவாதம். அமெரிக்காவின் க்ரட்ச்ஃபீல்ட் கடை 60 நாள் தருகிறது. பிரிட்டனில் இணையத்தில் வாங்கினால், பொருள் கைக்கு வந்து 14 நாளுக்குள் காரணம் சொல்லாமலே வேண்டாமென்று சொல்வதற்கு 2013ஆம் ஆண்டு விதிகளில் உரிமை இருக்கிறது. நேரில் கடைக்குப் போய் வாங்கினால் அந்த உரிமை இல்லை. காதுக்குள் செருகும் வகையில் சுகாதார முத்திரையை உடைத்துவிட்டால் திருப்ப முடியாமல் போகலாம், தலையில் போடும் வகைக்கு அவ்வளவு சிக்கல் இல்லை.

ஆனால் 30 நாளோ 60 நாளோ, பெட்டி ஹட்டனுக்கு வந்த பிறகு அது வெறும் எண்தான். இங்கிருந்து திருப்பி அனுப்பும் கூலியை நினைத்தாலே ஆசை அடங்கிவிடும். லண்டனில் கேர் ஹோமில் வேலை செய்யும் என் பெரியம்மா மகள், அக்கா, முதல் தடவை எனக்கு வாங்கியபோது இரண்டு மாதம் முன்னதாகவே வாங்கி வைத்துவிட்டார். விலை குறைந்திருந்தது என்று அன்போடு செய்தது. பெட்டியை என் கையில் தந்தபோது திருப்பும் நாள் எப்போதோ முடிந்திருந்தது.

அதற்குப் பிறகு நாங்கள் முறையை மாற்றினோம். விமானம் ஏறுவதற்கு மூன்று நாலு நாளைக்கு முன்புதான் அக்கா வாங்குவார். இங்கே நிற்கும் இரண்டு வாரமும் நான் தினமும் போட்டுக் கேட்பேன். பிடித்தால் காசைக் கொடுத்துவிடுவேன், இல்லையென்றால் பெட்டி அவரோடு திரும்பிப் போகும். கூரியர் செலவில்லை. கடந்த சில வருடங்களாக அமேசான் நவம்பர், டிசம்பரில் வாங்கியதை ஜனவரி 31 வரை திருப்ப விடுகிறது, பொங்கலுக்கு வந்து போகிறவர்களுக்கு அது நன்றாகவே ஒத்துவரும். ஒன்று கவனியுங்கள்: திருப்புவது அவர்களுடைய கணக்கில், அவர்களுடைய பெயரில். மூன்று நாலு மாடலை வரவழைத்து விளையாடிவிட்டு எல்லாவற்றையும் திருப்பச் சொல்வது சொந்தக்காரரை அவமானப்படுத்துவது மாதிரி. உண்மையில் வாங்க நினைக்கும் ஒன்றை மட்டும் கேளுங்கள், கீறல் விழாமல் வைத்திருங்கள்.

அமெரிக்காவிலிருந்து ஆம்ப்ளிஃபயரும் வருகிறதென்றால் அதன் அடியில் எழுதியிருப்பதைப் படிக்கச் சொல்லுங்கள். அங்கே 120 வோல்ட், நமக்கு 230. பொருந்தாததைச் செருகினால் கருகிவிடும். லண்டனிலிருந்து வருவதில் அந்தப் பயம் இல்லை, மூன்று முள் பிளக்கும் இங்கே பழக்கமானதுதான்.

வயர் இல்லாத வகை பற்றியும் கேட்கிறார்கள். சோனி எக்ஸ்எம்4, எக்ஸ்எம்5 இரண்டும் பஸ் இரைச்சலை அடக்குவதில் கெட்டிதான். ஆனால் பேட்டரி சில வருடத்தில் தளரும், அதைச் செய்துதர இங்கே ஆள் தேடவேண்டும். எச்டி 600இலும் டிடி 770இலும் காது மெத்தையைக் கையாலேயே கழற்றி மாற்றலாம். எங்கள் ஈரத்தில் முதலில் கெடுவது மெத்தைதான். அதனால் என் கை வயர் பக்கமே போகிறது.

அடிக்கடி வந்துபோகும் சொந்தம் வெளிநாட்டில் இருந்தால் மூன்றாவது வழியை எடுங்கள். இல்லாதவர்கள் ஒரு நாள் லீவு போட்டுக் கொழும்புக்குப் போங்கள், விலை கூடினாலும் பரவாயில்லை. இந்தத் தடவை அக்கா டிசம்பர் கடைசியில் வருகிறார். டிடி 770 சொல்லியிருக்கிறேன். பெட்டியைத் திறந்த அன்றைக்கே, தகரத்தில் மழை விழுகிற நேரமாகப் பார்த்து, எங்கள் தோட்டத்துத் தப்புப் பதிவைத்தான் முதலில் போட்டுக் கேட்பேன்.