சிறு படகுக்கு எந்த பேட்டரி, புரொப்பெல்லருக்கு எந்தப் பாதுகாப்பு?

சிங்கப்பூரில் சாங்கியிலிருந்து உபின் தீவுப் பக்கமோ, தெற்கே லாசரஸ் தீவுக்கோ போய்வர நண்பர்கள் சேர்ந்து சிறிய மோட்டார் படகு வாங்கினால், முதலில் எஞ்சினின் குதிரைத்திறனைத்தான் விசாரிப்பார்கள். பேட்டரியும் புரொப்பெல்லரும் அப்புறம்தான் நினைவுக்கு வரும். எனக்கு அந்த வரிசை பிடிப்பதில்லை.

தண்ணீர் ஊற்றும் சாதாரண ஈய-அமில பேட்டரி விலையில் மலிவு. ஆனால் சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வெளியேறும். காற்றில் அது 4 சதவீதம் சேர்ந்தாலே ஒரு தீப்பொறியில் வெடிக்கும். பேட்டரியை மூடிய அறைக்குள் வைத்திருந்தால் ஆபத்து அதிகம். ஹைட்ரஜன் மேலே ஏறும் என்பதால் காற்றுத் துளை மேல்பக்கம் இருக்க வேண்டும். கடல்நீர் உள்ளே போய் ஆசிட்டோடு கலந்தால் நச்சான குளோரின் வாயுவும் வரும்.

ஏஜிஎம் பேட்டரியில் ஆசிட்டைக் கண்ணாடியிழைப் பாய் உறிஞ்சி வைத்திருக்கும். அலையில் படகு சாய்ந்தாலும் சிந்தாது, வாயுவும் பெரும்பாலும் உள்ளேயே திரும்பத் தண்ணீராகிவிடும். சார்ஜரில் மட்டும் ஏஜிஎம் அமைப்பு இருக்க வேண்டும். அளவுக்கு மீறி ஏற்றினால் இதுவும் வாயுவைக் கக்கும்.

லித்தியம் இரும்பு பாஸ்பேட் எடையில் பாதிகூட வராது. ஆனால் எஞ்சின் ஓடும்போது அதன் உள் பாதுகாப்புச் சுற்று திடீரென்று இணைப்பைத் துண்டித்தால், எஞ்சினோடு சுழன்று பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டர் கெட்டுவிடலாம். எஞ்சினை ஸ்டார்ட் செய்ய மட்டும் என்றால் என் தேர்வு ஏஜிஎம்தான். மின்மோட்டார் படகு என்றால் லித்தியம் சரி.

எந்த வகையானாலும் கழற்றும்போது முதலில் நெகட்டிவ் வயர், மாட்டும்போது அது கடைசியில். நெகட்டிவ் மாட்டியிருக்கும்போதே பாசிட்டிவ் நட்டைத் திருகினால், ஸ்பேனரின் மறுமுனை எஞ்சின் இரும்பில் பட்ட கணத்தில் ஸ்பேனரே சிவக்கும். விரலில் மோதிரம் இருந்தால் அதுவும்தான்.

இனி புரொப்பெல்லர். மூன்று இதழ், நிமிடத்துக்கு 2,000 சுற்று என்றால் ஒரே இடத்தை நொடிக்கு 100 முறை வெட்டிப்போகும். சுற்றிலும் மாட்டும் கூண்டு மெதுவாகப் போகும்போது உதவும். வேகத்தில் கூண்டே ஆளை மோதும், படகின் வேகத்தையும் குறைக்கும். ஓட்டுபவர் உடலில் மாட்டும் கில் கயிறு விலை குறைவு. அவர் விழுந்தால் அதன் மறுமுனை எஞ்சின் சுவிட்சிலிருந்து கழன்று எஞ்சின் நின்றுவிடும். ஆனால் பின்னால் நீந்தும் பிள்ளையை அது காப்பாற்றாது.

இரண்டில் ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் கயிற்றையே வாங்குங்கள். நீந்துபவர்களுக்கு வேறு வழி உண்டு. லாசரஸில் ஏணியை இறக்கும் முன்பே எஞ்சினை அணைத்துச் சாவியை எடுத்துவிடுங்கள். நியூட்ரல் போதாது. ஒரு முழங்கை லீவரில் பட்டால் கியர் விழுந்து புரொப்பெல்லர் சுழன்றுவிடும்.

மாற்றுக் கயிறு ஒன்றும் படகில் இருக்கட்டும். ஓட்டுபவர் கயிற்றோடு கடலில் விழுந்துவிட்டால், படகில் இருப்பவர்கள் எஞ்சினைக் கிளப்பிப் போய் அவரைத் தூக்க அது வேண்டும்.