ஓர் ஆயரின் பணி நிறைவு மலர்: வாழ்த்துரைகளைத் தாண்டினால் நல்ல புத்தகம்

ஈரோடு மாவட்டத்தில், ஈரோட்டுக்கும் சென்னிமலைக்கும் இடைப்பட்ட பகுதியில் உள்ள தென்னிந்தியத் திருச்சபைச் (சி.எஸ்.ஐ.) சேகரம் ஒன்று, அதாவது ஓர் ஆயரின் பொறுப்பில் உள்ள சபைகளின் தொகுதி, முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக ஊழியம் செய்து ஓய்வு பெற்ற தன் ஆயருக்காக (போதகருக்காக)ப் பணி நிறைவு மலர் ஒன்றை அச்சிட்டிருக்கிறது. கெட்டி அட்டை, பெரிய அளவு, பளபளப்பான தாள், நன்கொடை 300 ரூபாய். கடைகளில் கிடைக்காது; ஞாயிறு ஆராதனை முடிந்தபின் ஆலய அலுவலகத்தில்தான் வாங்க முடியும். சபையாருக்கென்று அச்சிட்ட மலர் என்பதால் ஆயரின் பெயரையும் சேகரத்தின் பெயரையும் இங்கே தவிர்த்துவிடுகிறேன்.

முதல் நாற்பது பக்கங்கள் வாழ்த்துரைகள். அரசியல் பிரமுகர்கள், வணிகர் சங்க நிர்வாகிகள், பள்ளித் தாளாளர்கள் என்று பலரும் ஏறக்குறைய ஒரே சொற்களில் ஆயரை வாழ்த்தியிருக்கிறார்கள். பெயரை மாற்றினால் வேறு எந்த விழா மலருக்கும் அவை பொருந்தும். பொன்னாடை போர்த்தும் படங்களும் அளவுக்கு மீறி இருக்கின்றன. அவற்றைப் புரட்டிக் கடந்துவிடலாம்.

அடுத்து வரும் வரலாற்றுப் பகுதியை எழுதியவர் உழைத்திருக்கிறார். லண்டன் மிஷன் என்ற மிஷனரி சங்கத்தைச் சேர்ந்த அடிஸ் 1830-இல் கோயம்புத்தூரில் பணி தொடங்கியது, 1908-இல் தென்னிந்திய ஐக்கிய சபை உருவானது, 1947 செப்டம்பர் 27 அன்று தென்னிந்தியத் திருச்சபை பிறந்தது, 1950-இல் கோயம்புத்தூர்ப் பேராயம் (பல சேகரங்கள் அடங்கிய திருச்சபை மண்டலம்) அமைந்து ஏ. ஜே. அப்பாசாமி அதன் முதல் பேராயரானது ஆகியவை குழப்பமில்லாமல் வரிசையாகச் சொல்லப்பட்டுள்ளன. பன்னீர்செல்வம் பூங்காவுக்கு அருகில் இருக்கும் ஆலயத்துக்குப் பெயர் தந்த மிஷனரி பிரப் அவர்களைப் பற்றியும், கர்நாடக இசை கற்றுக் கதாகாலட்சேபமாகவே நற்செய்தி சொன்ன மிஷனரி பாப்ளி அவர்களைப் பற்றியும் தனித்தனிக் கட்டுரைகள் உள்ளன. சாலைக்கு மீனாட்சி சுந்தரனார் பெயரைச் சூட்டிய பிறகும் ஈரோட்டுக்காரர்கள் பிரப் ரோடு என்றே சொல்லிவருவதால், அந்தக் கட்டுரையைச் சபைக்கு வெளியே இருப்பவர்களும் ஆர்வத்தோடு படிப்பார்கள். ஆனால் வெள்ளைக்கார மிஷனரிகளுக்கு இத்தனை பக்கம் ஒதுக்கிய ஆசிரியர், வெயிலில் காட்டுவழி நடந்து ஊர் ஊராய்ச் சபைகளைக் கட்டிய உள்ளூர் ஊழியர்களான உபதேசியார்களையும், வீடு வீடாகப் போய் வேதம் கற்பித்த வேதாகமப் பெண்களையும் ஒரே பத்தியில், அதுவும் பெயரில்லாமல் முடித்துவிட்டார். பழைய சபைப் பதிவேடுகளில் ஞானஸ்நான சாட்சிகளாக அவர்கள் கையெழுத்து இருக்கத்தானே செய்யும்?

இந்தத் திருச்சபையில் ஆயர்களைச் சில ஆண்டுகளுக்கொரு முறை வேறு சேகரத்துக்கு மாற்றுவது வழக்கம் என்பதால், ஒரே ஊரில் வாழ்நாள் முழுவதும் இருக்கும் தனிச்சபைப் போதகரின் கதையைப் போல் இந்த ஆயரின் கதை அமையவில்லை. நீலகிரித் தேயிலைத் தோட்டம், சேலத்துப் புறநகர், தாராபுரம் பக்கத்துக் கிராமச் சபைகள், கடைசியாக இந்த ஊர் என்று இடம் மாறிக்கொண்டே இருந்திருக்கிறார். தொகுப்பாளர்கள் ஒவ்வொரு சேகரத்துக்கும் போய், அங்கே இவர் விட்டுச்சென்றவை இன்றும் நிலைத்திருக்கின்றனவா என்று விசாரித்து எழுதியிருப்பதுதான் இந்த மலரின் உயிர். சில நிலைத்திருக்கின்றன. சில அவர் பெட்டியைக் கட்டிய அடுத்த மாதமே நின்றுபோயின. அதையும் மறைக்காமல் எழுதியிருப்பதற்காகத் தொகுப்பாளர்களை மனமாரப் பாராட்ட வேண்டும்.

நடுவில் உள்ள நூறு பக்கங்களுக்காகவே இதை வாங்கலாம். கிராமச் சபை ஒன்றின் கல்லறைத் தோட்டத்துக்குப் போகும் வண்டிப்பாதை கொஞ்சம் கொஞ்சமாகப் பக்கத்துத் தோட்டத்துக்குள் சேர்ந்துவிட, பிரேதத்தை வாய்க்கால் வரப்பின் மேல் தூக்கிச் செல்ல வேண்டிய நிலை வந்தது. ஆயர் போராட்டம் அறிவிக்கவில்லை. நில அளவைப் பிரிவில் புல வரைபட நகல் வாங்கினார், ஆண்டுதோறும் ஜமாபந்தியில் (வருவாய்த் துறையின் கிராமக் கணக்குத் தணிக்கையில்) மனு கொடுத்தார், இடையில் தோட்டத்துக்காரர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து மோர் குடித்தார், அவர் வீட்டுக் கல்யாணத்துக்கும் போய் மொய் எழுதினார். அந்த மனுக்களையும், வட்டாட்சியர் அலுவலகத்திலிருந்து வந்த ஒரே மாதிரியான பதில்களையும் அப்படியே படியெடுத்துப் போட்டிருக்கிறார்கள். பாதை கடைசியில் கிடைத்தது எனினும், அது மனுக்களால் கிடைத்ததா மோரால் கிடைத்ததா என்று மலர் தீர்ப்புச் சொல்லாமல் விட்டிருப்பது எனக்குப் பிடித்திருந்தது.

சாதிச் சான்றிதழ்கள் பற்றிய கட்டுரையும் அதே தரத்தில் இருக்கிறது. 1950-ஆம் ஆண்டின் பட்டியல் சாதிகள் ஆணை முதலில் இந்துக்களை மட்டுமே ஏற்று, பின்னர் 1956-இல் சீக்கியரையும் 1990-இல் பௌத்தரையும் சேர்த்துக்கொண்டதே தவிர, கிறித்தவரான பட்டியல் சாதியினரை இன்றுவரை சேர்த்துக்கொள்ளவில்லை. தமிழகத்தில் அவர்களுக்குப் பிற்படுத்தப்பட்டோர் சான்றிதழ்தான் வழங்கப்படுகிறது. ஆனால் சேரி மாறவில்லை, தேநீர்க் கடையில் நிற்கும் இடமும் மாறவில்லை என்பதைச் சபை மக்கள் நேரில் அறிவார்கள். ஒவ்வொரு ஜூன் மாதமும் ஆயர் வீட்டு வாசலில் மாணவர்களும் பெற்றோரும் காத்துக் கிடப்பதையும், எந்தப் பிள்ளைக்கு எந்தத் தாள் வேண்டும், எந்த உதவித்தொகைக்கு எந்தக் கெடு என்று அவர் ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்ததையும் கட்டுரை விரிவாகச் சொல்கிறது. இதைப் படித்த பிறகு ஆயர் பணி என்பது பிரசங்க மேடையோடு முடிகிறது என்று எவரும் நினைக்கமாட்டார்கள்.

2011 ஜனவரியில் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடும்படி சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டபோது, கூலி நின்றுபோன குடும்பங்களுக்கு மதக் கணக்குப் பார்க்காமல் பாரிஷ் ஹாலில் சோறு போட்ட செய்தி இரண்டே பக்கங்களில் முடிந்துவிடுகிறது. நொய்யலில் சாயக்கழிவு கலந்ததால் நிலம் கெட்டுப்போன உழவரும், அதே சாயத்தை நம்பிப் பிழைத்த தொழிலாளரும் ஒரே சபையில் அடுத்தடுத்த பெஞ்சில் உட்கார்ந்திருந்த அந்த நாட்களில் இவர் என்ன பிரசங்கம் செய்தார் என்பதை அறியத்தான் இதைப் படிப்பவர் ஏங்குவார். அந்த இடத்தில் மலர் நழுவிவிடுகிறது.

என்னை மிகவும் கவர்ந்தது, சபையார் கொண்டுவரும் விளைபொருள்களையும் பிற பொருள்களையும் ஆலயத்துக்காக ஏலம் விடும் அறுப்பின் பண்டிகையின் கணக்கு. மஞ்சள் மூட்டை, தேங்காய், கரும்புக்கட்டு, நிலக்கடலை, சென்னிமலைப் போர்வை, பவானி ஜமக்காளம், காலைக் கட்டிய நாட்டுக்கோழி என்று ஆண்டுவாரியாகப் பட்டியல். எதிரே ஏலம் போன தொகை. எடுத்தவரே கோழியைத் திருப்பிக் கொடுக்க, அதே கோழி மீண்டும் மீண்டும் ஏலம் போய், அதன் சந்தை விலையைப் போலப் பல மடங்கு காணிக்கையாகச் சேர்ந்த வேடிக்கையும் அதில் உண்டு. அந்தப் பணம் எந்தப் பிள்ளையின் கல்லூரிக் கட்டணமாயிற்று, எந்த விதவையின் வீட்டுக் கூரையாயிற்று என்று அடுத்த பக்கத்தில் செலவுக் கணக்கும் இருக்கிறது. உதவி பெற்றவர்களின் பெயரை மறைத்திருப்பது பண்பு. சபைப் பணத்தைப் பற்றி ஊரில் எத்தனையோ பேச்சு அடிபடும் காலத்தில், வரவையும் செலவையும் அச்சேற்றத் துணிந்த சபை இது. வாழ்த்துரைகள் அத்தனையும் சேர்ந்து சொல்ல முயன்றதை இந்தக் கணக்கு ஒன்றே சொல்லிவிடுகிறது.

குறைகளில் பெரியது ஆயரின் மனைவியான ஆயரம்மாவைப் பற்றியது. ஓய்வுநாள் பள்ளி, பெண்கள் ஐக்கிய சங்கம், நள்ளிரவில் கதவைத் தட்டியவர்களுக்குக் காப்பியும் சோறும் என்று பாதி ஊழியம் அவர் தோளில் இருந்திருக்கிறது என்பது மற்றவர்களின் கட்டுரைகளிலேயே அங்கங்கே தெரிகிறது. அவருக்கென்று இருப்பதோ ஒரு குடும்பப் படமும் அதன் கீழே ஒரு வரியும் மட்டுமே. ஒவ்வொரு மாற்றலிலும் பிள்ளைகளின் பள்ளியையும் பாத்திரம் பண்டங்களையும் சேர்த்துப் பெயர்த்துக்கொண்டு போனவரிடம் நான்கு கேள்வி கேட்டு எழுதியிருந்தால், பொன்னாடைப் படங்களில் பாதியைத் தாராளமாக நீக்கியிருக்கலாம். சபைக் கமிட்டித் தேர்தல் சச்சரவுகளை மேலோட்டமாகச் சொல்லி விட்டதை என்னால் புரிந்துகொள்ள முடிகிறது. அதில் சம்பந்தப்பட்டவர்கள் எல்லாரும் இன்னும் அதே ஆலயத்துக்குத்தான் வருகிறார்கள்.

அச்சில் கவனம் போதவில்லை. பளபளப்புத் தாளில் விளக்கு வெளிச்சம் பட்டுத் தெறிப்பதால் முதியவர்கள் படிக்கச் சிரமப்படுவார்கள்; மனுக்களின் நகல்கள் மிகச் சிறிய எழுத்தில் இருப்பதால் கண்ணாடி போட்டும் சில வரிகள் தெரியவில்லை. கட்டு மட்டும் உறுதியாக இருக்கிறது.

சபை வரலாறு எழுத முனைவோரும், ஈரோட்டு வட்டார வரலாற்றில் ஆர்வமுள்ள பிற மதத்தாரும் 300 ரூபாய் கொடுத்து இதைத் தயங்காமல் வாங்கலாம். ஆயரின் பிரசங்கங்களை எதிர்பார்த்து வாங்குவோர் ஏமாறுவார்கள், ஏனெனில் மூன்றே பிரசங்கங்கள்தான் உள்ளன. படிகள் குறைவாக இருப்பதாக அலுவலகத்தில் சொன்னார்கள். மறுபதிப்புப் போடுவதாக இருந்தால், வாழ்த்துரைகளைக் குறைத்து, இறுதியில் ஊர்ப்பெயர் அகராதி ஒன்றையும் கல்லறைத் தோட்டத்துப் பாதையின் புல வரைபடத்தைப் படிக்கும் அளவில் பெரிதாக்கியும் சேர்க்கும்படி தொகுப்பாளர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.